பன்னிரண்டு நிமிட ஊர்

தொண்டியைத் தாண்டி இருக்கும் அந்தக் கடற்கரை ஊருக்கு நான் பத்தொன்பது வருடம் போய்வந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு நடை. ஆனால் அங்கே கடல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. காரைக்குடியிலிருந்து அந்த ஊருக்கு ஓடும் ஒரு தனியார் பேருந்தின் ஓட்டுநர் நான். வண்டி போய்ச் சேர்ந்ததும் திருப்பி நிறுத்தி, மறுபடி கிளம்புவதற்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். அதற்குள் முகம் கழுவி, ஒரு டீ குடித்து, டயர்களை ஒரு சுற்று தட்டிப் பார்க்க வேண்டும். கடல், நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மணல் மேட்டுக்கும் கருவேலங்காட்டுக்கும் அந்தப் பக்கம் இருந்தது. சத்தம் கேட்கும். காற்றுக் காலத்தில் முன் கண்ணாடியில் உப்புப் படியும். அதைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன்.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் வேலையை விட்டேன். போ என்று யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகளும் என் மனைவியும் பேசி முடிவெடுத்தார்கள், நானும் சரி என்றேன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

கண்டனூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வேலையை விட்ட முதல் வாரம் வீட்டில் இருந்த எல்லாத் தாழ்ப்பாள்களுக்கும் எண்ணெய் போட்டேன். இரண்டாவது வாரம், ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தேன். அப்புறம் தினமும் நடந்து போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்க ஆரம்பித்தேன். எங்கும் போவதற்கில்லை. எந்த வண்டி எத்தனை நிமிடம் பிந்தி வருகிறது என்று பார்ப்பேன். ஒரு ஓட்டுநரிடம், உன் வண்டிக்குப் பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லை என்று சொன்னேன். மறுநாளும் எரியவில்லை. மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் அவன் நிறுத்தாமலே போய்விட்டான்.

என் மனைவிதான் அந்த ஊருக்குப் போகலாம் என்றாள். நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெண் என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். பத்து வருடமாக, ஒருதடவை மதினியைக் கூட்டிட்டு வந்து தங்கிட்டுப் போங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் அதை வீட்டில் வந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். என் மனைவி கடலைப் பார்த்தது ஒரே முறை, ராமேஸ்வரத்தில், அவள் அப்பா இறந்தபோது. முழுகி எழுந்து ஈரத்தோடு கோயிலுக்குள் போனதோடு சரி.

வியாழக்கிழமை போய் அடுத்த புதன்கிழமை வரலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிட வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். திங்கட்கிழமை காலையில் தேங்காய் பறிக்க ஆள் வருகிறான் என்றேன்.

அது பொய். இரண்டு நாளுக்கு முன்னால் பஸ் ஆபீஸிலிருந்து மேலாளர் கூப்பிட்டிருந்தார். என் வண்டியை இப்போது ஓட்டுகிற பையன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான், திங்கட்கிழமையிலிருந்து ஆக்டிங் டிரைவராக வர முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

என் பழைய வண்டியிலேயே போனோம். அந்த வாரத்துக்கு மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்திருந்த ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். தேவகோட்டை வருவதற்குள் என் வலது கால் தரையை அமுக்கி அமுக்கி வலிக்க ஆரம்பித்துவிட்டது. வளைவுகளில் அவன் பிரேக்கை மிதிக்கும் முன்பே நான் மிதித்துக்கொண்டிருந்தேன். திருவாடானையில் என் மனைவி எழுந்து, என் பையையும் எடுத்துக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

டீக்கடைப் பெண்ணின் வீடு மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அவள் புருஷன் மீன்பிடிக்கிறவர், என் வயதுதான் இருக்கும். என்னை மச்சான் என்றார். நானும் மாப்பிள்ளை என்று ஆரம்பித்துவிட்டேன். வந்ததும் வராததுமாக எங்களைக் கரைக்கு அழைத்துப் போனார்.

எனக்கு அங்கே போனதும் நிம்மதி வந்தது என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது. கடல் தட்டையாகக் கிடந்தது. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கண்மாய்த் தண்ணீர்போலக் கரையை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை மணல் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் போயிற்று. ஆள் நடமாட்டம் இல்லை. வலை உலர்த்தியிருந்த இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் தெற்கே நடந்து அடுத்த குடியிருப்பு வரை போய்த் திரும்பி வந்தேன். அவள் அப்படியே இருந்தாள். வடக்கே ஒரு நடை போய் வந்தேன். அப்போதும் அப்படியே இருந்தாள். என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் பார்க்கவில்லை என்றாள். அந்த நேரம் மேட்டுக்கு அப்பால் ஹாரன் கேட்டது. அது எங்கள் வண்டியின் ஹாரன், மதிய நடை. நான் மணலில் ஓடாத குறையாகப் போய் நிறுத்தத்தில் நின்றேன். நான்கு நிமிடம் பிந்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கடற்கரையில் இரண்டு நடை நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக வெயில் அவள் கால்களில் விழுந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "டயமாயிருச்சா? உலை வைக்கணும்" என்றாள். பிறகு கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கே இருக்கிறோம் என்று புரிந்தது. மறுபடி படுத்துத் தூங்கிவிட்டாள்.

நான் வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். முதல் நடை காரைக்குடியில் ஐந்து மணிக்கு எடுக்க வேண்டும். அதற்கு நான் நான்கு மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு அவள் மூன்றரை மணிக்கு முன்பே எழுந்து சோறு வடித்துத் தூக்குச்சட்டியில் போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். நான் கண்விழிக்கும்போது அவள் விழித்திருக்காத நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. வேலையை விட்ட பிறகும் அவளுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, தூங்கு என்று அவளிடம் சொல்லவும் தோன்றவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் என் மனைவி தூங்கும்போது எப்படி இருப்பாள் என்று அன்றுதான் பார்த்தேன். திங்கட்கிழமை வேறு நினைவுக்கு வந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் உள்ளே போனேன். அவள் எட்டு மணி வரை எழவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களைப் படகில் கூப்பிட்டார். அவரிடம் இன்ஜின் படகு ஒன்று உண்டு, தொழிலுக்கு அதுதான். அதைத் தவிர ஒரு பாய்மரப் படகையும் வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை ஊர்த் திருவிழாவில் பாய்மரப் போட்டி நடக்கும். அதற்காக ஆவணி மாதம் முழுக்கக் காற்று வாகாக இருக்கும் நாட்களில் ஓட்டிப் பார்ப்பார்கள். படகுக்கு வெளியே குறுக்காக ஒரு நீளப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பாயை அமுக்கிப் படகை ஒரு பக்கம் சாய்க்கும்போது, எதிர்ப்பக்கம் அந்தப் பலகையில் ஆட்கள் போய் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வர வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. அந்த இடத்துக்கு நாங்கள்.

என் மனைவி பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தாள். காற்று மேற்கிலிருந்து வந்தது. பாய் ஒருதரம் படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு வயிறு புடைத்து நின்றது. படகு கிளம்பியது. சத்தமே இல்லை. இன்ஜின் இல்லாமல் ஒன்று அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. பலகை தண்ணீருக்கு மேலே எழும்பியது, எங்கள் கால்களுக்குக் கீழே கடல் ஓடியது. "அங்குட்டு நகருங்க மச்சான்," "இங்குட்டு வாங்க" என்று மாப்பிள்ளை சொல்லச் சொல்ல நாங்கள் பலகையில் நகர்ந்துகொண்டிருந்தோம். என் மனைவிக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. காற்று கொஞ்சம் தூக்கினால் அவளே வெளியே நகர்ந்தாள், குறைந்தால் உள்ளே வந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் பிந்தினேன். மூட்டைபோல உட்கார்ந்து போவது எனக்கு ஒத்துவரவில்லை. கையில் பிடிக்க ஒன்றும் இல்லை, காலில் மிதிக்க ஒன்றும் இல்லை.

அரை மணி நேரம் போனதும் நான் வாய்விட்டே கேட்டேன். சுக்கானைக் கொஞ்சம் என்னிடம் கொடுங்கள் மாப்பிள்ளை என்றேன். அவர் யோசித்தார். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் என்றேன். அதனால்தான் யோசிக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே இடம் விட்டார். கையைச் சும்மா வைத்திருங்கள், ஆட்ட வேண்டாம், நான் சொல்லும்போது மட்டும் என்று சொல்லிவிட்டுப் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஆட்டாமல்தான் வைத்திருந்தேன். எதிரே ஒரு வலையின் மிதவைகள் தெரிந்தன. மாப்பிள்ளை அவற்றை முன்பே பார்த்திருக்கிறார், நாங்கள் அவற்றில் படாமல் ஒட்டிப் போய்விடுவோம் என்றும் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சாலையில் ஆடு குறுக்கே வந்தால் செய்வதுபோல வலப்பக்கம் ஒதுங்குவதற்காகச் சுக்கான் கம்பை வலப்பக்கம் இழுத்தேன். கம்பை வலப்பக்கம் இழுத்தால் படகு இடப்பக்கம் திரும்பும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படகு மிதவைகளை நோக்கித் திரும்பியது. பயந்து இன்னும் பலமாக இழுத்தேன். பாய் ஒரு கணம் தளர்ந்து, காற்று மறுபக்கம் பிடித்து, படபடவென்று எங்கள் தலைக்கு மேலே வந்தது. மேலே நின்ற பலகை அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது. என் மனைவி அதில் இருந்தாள். மறுபடி பார்த்தபோது இல்லை.

மாப்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு ஏதோ கத்தினார். எனக்கு நீச்சல் தெரியாது. அது எனக்கு அப்போது நினைவில்லை. குதித்துவிட்டேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது, கண் தெரியவில்லை, கையையும் காலையும் அடித்துக்கொண்டேன். பிறகு கால் எதிலோ பட்டது. மெத்தென்ற பாசி. எழுந்து நின்றேன். தண்ணீர் மார்பளவுதான் இருந்தது. கரையிலிருந்து அவ்வளவு தூரம் வந்தும் மார்பளவு. நாலு அடி தள்ளி என் மனைவி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீஞ்சத் தெரியாத ஆளு எதுக்குக் குதிச்சீக?" என்றாள்.

மாப்பிள்ளை அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னார், அவள் அது உங்கள் தப்பில்லை அண்ணே என்றாள். அவளை முதலில் ஏற்றினார், பிறகு என்னை. திரும்பும்போது அவள் மறுபடியும் பலகையிலேயே போய் உட்கார்ந்தாள். என்னைப் படகின் அடியில் உட்காரச் சொன்னார்கள்.

கரையில் டீக்கடைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் என் மனைவியின் போன் இருந்தது. படகில் நனைந்துவிடும் என்று என் மனைவி அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். என் போன் சட்டைப் பையில் கடல் தண்ணீரோடு கிடந்தது.

"அண்ணே, ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாக. உங்க நம்பர் போகலையாம். திங்கக்கிழமை நாலே முக்காலுக்கெல்லாம் வண்டிகிட்ட நிக்கணுமாம், மறந்துராதீகன்னு சொல்லச் சொன்னாக."

என் மனைவி சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிவதை நிறுத்தவில்லை. முழுக்கப் பிழிந்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

குளித்து, நண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடைப் பெண்ணோடு சாதாரணமாகப் பேசினாள், தனக்கு நண்டு உடைக்கத் தெரியவில்லை என்று சொல்ல இருவரும் சிரித்தார்கள். மற்றவர்கள் கடைக்கும் கரைக்கும் போன பிறகு வேப்பமரத்து நிழலில் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் எதிரே நின்றேன்.

"உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"ஓட்டப் பிடிக்குதுன்னா ஓட்டுங்க. நான் என்ன கையப் பிடிச்சா இழுத்தேன்? தேங்கா பறிக்கிறவனை எதுக்குக் கூப்பிட்டீக?"

நீ வேண்டாம் என்று சொல்லுவாய் என்று நினைத்தேன் என்றேன்.

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. மூணரைக்கு எந்திரிக்கிறது இனிமே எனக்கு ஆகாது. நீங்க வண்டி ஓட்டுறதுக்கு நான் எந்திரிக்கணும்னு எங்க இருக்கு?"

நான் ஒருநாளும் உன்னை எழுந்திருக்கச் சொல்லிக் கேட்டதில்லையே என்றேன். சொன்ன பிறகுதான் அதை எவ்வளவு காலமாகத் தயாராக வைத்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

"கேக்கல" என்றாள். "வேண்டாம்னும் சொல்லல."

அதற்குமேல் அவள் கோபமாகப் பேசவில்லை. நாளைக்கு நீங்கள் போங்கள், நான் முதலில் சொன்னபடி புதன்கிழமை வருகிறேன் என்றாள். தனியாகவா என்று கேட்டேன். இங்கே நான் எங்கே தனியாக இருக்கிறேன் என்றாள். கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் அன்று சாயங்காலம் வரை கரையில் எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் திரும்பினேன். திங்கட்கிழமை காலையில் நானே எழுந்து அடுப்பைப் பற்றவைத்து உப்புமா கிண்டினேன். அடிப்பிடித்தது. அதையே தின்றுவிட்டுக் கிளம்பினேன். சாவியைத் திருப்பி இன்ஜின் உறுமியபோது மூன்று மாதமாக உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றதுபோல இருந்தது. அது உண்மை. தேவகோட்டை தாண்டியதும் அது மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது, அதுவும் உண்மை. இந்நேரம் எழுந்திருப்பாளா, படகில் போயிருப்பாளா, இன்னொருதரம் விழுந்தால் யார் குதிப்பது என்றெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி, வண்டி முழுக்கத் திட்டு வாங்கினேன்.

நிறுத்தத்தில் அவள் இல்லை. மதினி கடலுக்குப் போயிருக்கு என்று டீக்கடைப் பெண் சொன்னாள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு மணல் மேட்டில் ஏறினேன். முழங்கால் கேட்கவில்லை, கையை ஊன்றி ஏறினேன். தூரத்தில் இரண்டு பாய்கள் தெரிந்தன. பலகையில் ஆட்கள் புள்ளிபுள்ளியாக இருந்தார்கள். அதில் எது அவள் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே நடத்துநர் விசில் ஊதினார், மறுபடியும் ஊதினார். மூன்று நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்தேன்.

இரண்டாவது நடை போனபோது அவள் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. சாப்பிட்டீகளா என்று கேட்டாள். உப்புமா என்றேன், தீய்ந்ததைச் சொல்லவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கயிறு அறுத்த சிவந்த கோடுகள் இருந்தன. மாப்பிள்ளை அவளைப் பாய்க்கயிற்றைப் பிடிக்க விட்டிருக்கிறார். வலிக்கிறதா என்றேன். வலிக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். புதன்கிழமை சொன்னபடி வந்துவிட்டாள், ஆனால் என் வண்டியில் வரவில்லை. எனக்கு முந்தின வண்டியில் வந்து, வீடு பெருக்கி முடித்திருந்தாள்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டுகிறேன். அந்த மூன்று நாளும் அடுப்பு என் பொறுப்பு. பாத்திரத்தை உருட்டாமல் வைக்கப் பழகிவிட்டேன். அவள் உண்மையிலேயே தூங்குகிறாளா, கண்ணை மூடிப் படுத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. மற்ற நான்கு நாள் என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. குன்றக்குடி மலை வரை சைக்கிளில் போய், மேலே ஏறாமல் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன். மகள் போன் செய்தால் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள் அப்பா, மூச்சு வாங்குகிறது என்கிறாள்.

என் மனைவிக்கு இப்போது வேறு ஒரு யோசனை. இந்த வருடத் திருவிழாப் போட்டியில் பலகையில் பாரத்துக்கு அவளும் போக வேண்டுமாம். பெண்கள் போட்டியில் ஏறின வழக்கம் இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். வழக்கம் இல்லை என்றால் கூடாது என்று அர்த்தமா, ஊர்க் கமிட்டியில் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே என்றுவிட்டாள். டீக்கடைப் பெண்ணும், மதினி போனால் நானும் போவேன் என்று கூடச் சேர்ந்துகொண்டாள். கமிட்டி இரண்டு தடவை கூடியும் முடிவு சொல்லவில்லை. நான் அங்கே போய்விட்டு வருகிற ஒவ்வொரு நாளும், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறாள். இன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நாளைக்கு அந்தக் கமிட்டித் தலைவரையே நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். நாளைக்கு எனக்கு வண்டி இல்லை. ஆனாலும் போகப் போகிறேன்.